தூக்க நாட்டின் மந்திரி

மிஷினுக்குள் சிக்கிக்கொண்ட காகிதத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தாள் ஜெராக்ஸ் கடைக்காரி. அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தார். விரலெல்லாம் கறுப்பு மை. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"பூனை, உட்கார்ந்திருக்கியா, நின்னுக்கிட்டு இருக்கியா?"

"நின்னுக்கிட்டுதான். சொல்லு."

"அப்ப உட்காரு. உங்க ஊருக்கு எதிர்ல கடல்ல ஒரு திட்டு இருக்குதே, அதை நான் வாங்கிட்டேன்."

காத்திருந்த வாடிக்கையாளர்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். அண்ணன் பேச்சை அப்படியே நம்புகிற வழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அண்ணன் நகரத்தில் மெத்தைக்கடை வைத்திருந்தார். விளம்பரத்துக்கு ஆள் பிடிக்காமல் தானே நடிப்பார். ஒரு முறை லாரி மேல் கட்டிலைப் போட்டு, அதில் போர்த்திப் படுத்தபடியே நகரத்தைச் சுற்றி வந்தார். போலீஸ் பிடித்து அபராதம் போட்டது. அந்த ரசீதுக்கும் சட்டம் போட்டுக் கடை வாசலில் மாட்டி, 'தூங்கியதற்காகத் தண்டிக்கப்பட்டவர்' என்று கீழே எழுதி வைத்தார். அதன் பிறகு கூட்டம் இன்னும் அதிகமானது.

தீவு விஷயம் விளையாட்டு இல்லை என்று அடுத்த வாரம் தெரிந்தது. பத்திரம் முடிந்திருந்தது. தீவுக்குத் 'தூக்க நாடு' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. கடையில் இரட்டைக் கட்டில் மெத்தை வாங்கினால் குடியுரிமை. கையில் ஒரு ஊதா நிற பாஸ்போர்ட். நாட்டுச் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. அண்ணன் அதிபர். அவளுக்கு வெளியுறவு மந்திரி பதவி.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றாள்.

"நீ அந்த ஊர்ல இருக்கே. நான் வந்து போக ஒரு சாக்கு வேணும்ல? சும்மா சும்மா தங்கச்சி வீட்டுக்கு வந்தா மாப்பிள்ளை என்ன நினைப்பாரு?"

அதுதான் உண்மையான காரணம் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா அப்பா அடுத்தடுத்துப் போனபோது அவள் கைக்குழந்தையை விடக் கொஞ்சம் பெரியவள். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பஞ்சுக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அவளை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் கூடவே தூக்கிப் போவார். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே சுருண்டு தூங்குவாள். கிடங்குக்காரர்கள் வைத்த பேர்தான் 'பூனை'. அவளுக்குத் தலை பின்னிவிட, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட, காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போட எல்லாவற்றுக்கும் அண்ணன்தான். கல்யாணம் செய்து இந்தக் கடலோர ஊருக்கு அனுப்பிய அன்று அவர் வண்டி வாசலில் நின்று அழுததை அவள் கணவர் இன்றும் சொல்லிக் கிண்டல் செய்வார். "பொண்ணைவிட மச்சான் அழுததுதான் ஜாஸ்தி."

கணவருக்கு நண்டுப் படகு. அவருடைய தம்பியும் வேறொரு படகில் அதே தொழில். இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ். சமையலறை மட்டும் இரண்டு. கொழுந்தனை வீட்டில் எல்லாரும் 'சின்னவன்' என்பார்கள். அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து பேசத் தொடங்கியிருந்தது.

திட்டு கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். பள்ளிக்கூட மைதானம் அளவு இருக்கும். நடுவில் முட்புதர், முதுகுப் பக்கம் பாறை. கரையைப் பார்த்த பக்கம் குதிரை லாடம் போல வளைந்து உள்வாங்கிய ஒரு நீர்ப்பரப்பு. ஊரில் அதற்கு 'மடி' என்று பெயர். காற்று திடீரென்று திரும்பினால் படகுகள் துறைக்கு வந்து சேர நேரம் இருக்காது. மடிக்குள் போய் ஒதுங்கிவிடும். மற்ற நாட்களில் மடியோரப் பாறையில் வலை காயும். அண்ணன் வாங்கும்வரை பத்திரப்படி திட்டு யாரோ ஒரு பணக்காரக் குடும்பத்துக்குச் சொந்தம். அவர்கள் ஒரு நாளும் வந்ததில்லை. நகரசபை நிலப்பட்டியலிலும் அது 'மீனவர் பொதுப் பயன்பாடு' என்றே இருந்தது. சொத்து ஒருவருக்கு, புழக்கம் ஊருக்கு. யாருக்கும் அதில் குழப்பம் வந்ததில்லை.

அண்ணன் குடில்கள் கட்டத் தொடங்கியதும் குழப்பம் வந்தது.

நிலப் பயன்பாட்டைச் சுற்றுலாவுக்கு மாற்றக் கோரும் மனுவை அவள்தான் டைப் செய்தாள். நகரசபைக்கு எதிர்க்கடை, அந்த வாசலில் நுழைகிற காகிதத்தில் பாதி அவள் கையால்தான் போகும். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். நாலு நாள் கழித்துப் படகுச் சங்கத் தலைவர் வந்தார். ஆட்சேபணை மனு. அதையும் அவளேதான் அடித்தாள்.

"ஏம்மா, ரெண்டு பக்கமும் நீயே அடிச்சா தீர்ப்பையும் நீயே அடிச்சுக் குடுத்துடேன், எங்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்றார் தலைவர், கண்ணாடியைத் துடைத்தபடி.

அவள் சிரித்து மழுப்பினாள். பிழை திருத்தி, பிரதி எடுத்து, ஓரம் தட்டி, கிளிப் போட்டுக் கொடுத்தாள்.

நகரசபை தற்காலிக அனுமதி கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு லாஞ்சுகள் நிறைய 'குடிமக்கள்' வந்து இறங்கினார்கள். பாறை உச்சியில் சிமெண்டால் ஒரு பிரமாண்டமான கட்டில் கட்டியிருந்தார் அண்ணன். அதில் ஏறிப் படுத்து எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். வலை காயப்போட்டவர்களிடம், மறுபக்கம் போட்டுக்கொள்ள முடியுமா என்று அண்ணன் பணிவாகத்தான் கேட்டார். மறுபக்கம் அலை அடிக்கிற பக்கம். அவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் கடைக்கு வரும் பெண்கள் காகிதத்தை நீட்டுவார்கள், வாங்குவார்கள், போவார்கள். உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது நின்றுபோயிற்று.

வீட்டில் சின்னவன் மட்டும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மந்திரி அண்ணி, எங்களுக்கு விசா எப்போ தருவீங்க?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுவான். அவன் மனைவி, அவளுடைய ஓரகத்தி, புரையேறும் அளவுக்குச் சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வாடிக்கையாளரின் சின்னப் பெண் காற்றடைத்த மெத்தையில் மிதந்தபடியே மடியை விட்டு வெளியே போய்விட்டாள். லாஞ்ச் ஓட்டுநர் நீந்திப் போய் இழுத்து வந்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அண்ணன் ஆடிப்போய்விட்டார். அடுத்த நாளே மடியின் வாயில் இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறைவரை இரும்பு வயர் கட்டி, அதில் ஆரஞ்சு நிற மிதவைகளைக் கோத்துவிட்டார்.

அவள் கணவர் அதைப் பார்த்துவிட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு. காத்து மாறப்போற நேரம் இது. அந்த வயரை அவிழ்த்துடச் சொல்லு."

அவள் போன் செய்தாள்.

"அவிழ்த்துடலாம்டா" என்றார் அண்ணன். "இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பெரிய குடும்பம் வருது, எல்லாம் பொடிசுங்க. அது முடியட்டும். திங்கக்கிழமை நானே நின்னு அவிழ்க்கிறேன். சரியா?"

"இல்லண்ணா, இவரு ரொம்பச் சொல்றாரு..."

"மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கு? அந்த ஸ்டூலை மாத்துன்னு எத்தனை வாட்டி சொல்றது உனக்கு?"

பேச்சு முதுகுவலிக்குப் போயிற்று, அங்கிருந்து புது ஸ்டூலுக்குப் போயிற்று. கடைசியில் அவள், "சரிண்ணா" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் காற்று திரும்பியது.

கணவர் அன்று எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கரையில் இருந்தார். சின்னவன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். அவள் கடையில் இருந்தாள். கதவு தானாக அடித்துச் சாத்திக்கொண்டது. அடுக்கி வைத்த காகிதம் அறை முழுக்கப் பறந்தது. அதைப் பொறுக்கக் குனிந்தவள் பொறுக்காமலே எழுந்து துறைக்கு ஓடினாள். மழைத் திரைக்குப் பின்னால் திட்டே தெரியவில்லை.

நடந்ததைப் பிறகு கூடப் போனவர்கள் சொன்னார்கள். மூன்று பேரும் வழக்கம்போல மடிக்குத்தான் திருப்பினார்கள். வயர் கிடப்பது தெரியும், ஆனால் மிதவைகள் அலையில் முங்கி முங்கி எழுந்ததில் கண்ணில் படவில்லை. வயர் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. படகு குறுக்கே திரும்பி நின்றது, அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு. சின்னவன் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு வயரை நெம்பி எடுக்க இறங்கினான். அடுத்த அலையில் படகு கவிழ்ந்தது. மற்ற இருவரும் பாறையைப் பிடித்து ஏறிக்கொண்டார்கள். ஏறி நின்று அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். மழை விட்ட பிறகும் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் காலை அவன் உடலை மடிக்குள்ளேதான் கண்டெடுத்தார்கள். வயரைத் தாண்டி உள்ளே வந்திருந்தான்.

அண்ணன் அன்றே வந்தார். வீட்டு வாசலில் நின்ற கூட்டம் அவருக்கு வழி விடவுமில்லை, வழி மறிக்கவுமில்லை. கேட்டுக்கு வெளியே, சாக்கடை ஓரம், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மழை மறுபடியும் தூறத் தொடங்கியது. யாரும் 'உள்ளே வாங்க' என்று சொல்லவில்லை. உள்ளே ஓரகத்தி ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

கடைசியில் தங்கைதான் கேட்டுக்குப் போனாள்.

"பூனை" என்றார் அண்ணன். "குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான்டா கட்டினேன்."

"தெரியும்ணா."

"நான் உள்ள வந்து அந்தப் பொண்ணு கால்ல விழணும்."

"வேண்டாம். நீ இப்ப போயிடு."

"ஒரு நிமிஷம்..."

"போண்ணா." அவர் செருப்பை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். அதைப் போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றாமல் கையில் பிடித்தபடியே அவர் தெருமுனைவரை நடந்து போனார்.

வயர் அன்றே அவிழ்க்கப்பட்டது. அனுமதியை ரத்து செய்யச் சொல்லிச் சங்கம் மனு கொடுத்தது. இந்த முறை தலைவர் அவள் கடைக்கு வரவில்லை. பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய் அடித்துக்கொண்டு வந்தார்.

விசாரணை நாள் வந்தது. கிளம்பும்போது கணவர் சொன்னார், "நீ வர வேண்டாம். உன்னை யாரும் கூப்பிடல."

சுவரோரம் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த ஓரகத்தி தலையைத் தூக்காமலே கேட்டாள். "வந்தா யார் பக்கம் உட்காருவீங்கக்கா?"

ஆனாலும் போனாள். நகரசபை மண்டபத்தில் இடது பக்கம் ஊர்க்காரர்கள், வலது பக்கம் அண்ணனும் அவருடைய வக்கீலும். கடைசி வரிசையில், கதவுப் பக்கமாக, உடைந்த நாற்காலிகள் அடுக்கிய மூலையில் போய் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஆடியது.

வக்கீல் கெட்டிக்காரர். தீவு தனியார் சொத்து என்றார். தற்காலிக அனுமதி அமலில் இருந்தது என்றார். நீச்சல் பகுதிக்குத் தடுப்புப் போடுவது பொறுப்பான செயல் என்றார். "அந்த வயரால படகுகளுக்கு ஆபத்து வரலாம்னு என் கட்சிக்காரருக்குத் தெரியாது. அவர் கடல் தொழில் தெரியாதவர். தெரிஞ்சவங்க ஒருத்தராவது அவர்கிட்ட சொன்னாங்களா? ஒருத்தராவது?"

இடது பக்கத்தில் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சொல்லச் சொன்னவர். நேரில் சொன்னவர் இல்லை. மனைவியைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"நான் சொன்னேன்" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று எழுந்து நின்ற பிறகே அவளுக்குத் தெரிந்தது.

எல்லாரும் திரும்பினார்கள்.

"போன்ல சொன்னேன். வயரை அவிழ்த்துடுண்ணான்னு. காத்து மாறப்போகுதுன்னு."

வக்கீல் ஒரு கணம் தடுமாறி, பிறகு புன்னகைத்தார். "நீங்க அவரோட தங்கச்சி. செத்துப்போனவர் உங்க புகுந்த வீட்டு ஆளு. வீட்டுல நெருக்கடி இருக்கும், புரியுது. அவங்களுக்காக இப்படிச் சொல்றீங்களா?"

"சார், நிறுத்துங்க." அண்ணன் எழுந்துவிட்டார். "அவ பொய் சொல்ல மாட்டா. நான் வளர்த்த பொண்ணு. அவ சொன்னா. நான்தான் திங்கக்கிழமைன்னு சொன்னேன்."

வக்கீல் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அண்ணன் உட்காரவில்லை. "எழுதிக்கோங்க. எனக்குத் தெரியும்னு எழுதிக்கோங்க."

அன்றே அனுமதி ரத்தானது. திட்டு மறுபடியும் மீனவர் பொதுப் பயன்பாடு ஆயிற்று. மரணத்துக்கான வழக்கு தனியாக நடக்கும் என்றார்கள். ஊர்க்காரர்கள் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள்.

அவள் வெளியே வந்தபோது அண்ணன் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகச்சவரம் செய்த இடத்தில் ஒரு வெட்டு. இவ்வளவு நரை எப்போது வந்தது என்று நினைத்தாள்.

"நல்லாப் பேசினே" என்றார். "பள்ளிக்கூடத்துல மேடையேத்தினா என் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு வாயே திறக்க மாட்டே. இன்னைக்கு எவ்வளவு தெளிவாப் பேசினே."

அவளால் தாங்க முடியவில்லை. "திட்டுண்ணா. ஏதாவது திட்டிடு."

"எதுக்குடா?" என்றார். அவள் தலையில் கை வைக்க வந்தவர், படியில் கணவர் வருவதைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

குடில்களைப் பிரித்தார்கள். பலகைகளை ஏற்றிப்போக லாஞ்ச் நாலைந்து தடவை வந்தது. தீவைச் சங்கத்தின் பேருக்கே எழுதித் தருவதாக அண்ணன் சொல்லியனுப்பினார். சங்கம் கூடிப் பேசியது. புழங்க உரிமை இருக்கிறது, அது போதும், அந்த ஆள் கொடுத்து நாம் வாங்க வேண்டாம் என்று முடிவாயிற்று. ஆக, பத்திரத்தில் திட்டு இன்றும் அண்ணன் பேரில்தான் இருக்கிறது. அவரை அங்கே ஏற்றிப்போக எந்தப் படகும் இல்லை.

அவள் சாட்சி சொன்னதால் வீட்டில் எதுவும் சரியாகிவிடவில்லை. ஓரகத்தி ஒரு நாள் அவளாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க உண்மையைச் சொன்னீங்க, அது எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா நீங்க அன்னைக்கு போன்ல இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாமேன்னு நினைப்பு வருதுக்கா. வேண்டாம்னாலும் வருது. உங்களைப் பார்க்கும்போதெல்லாம் வருது."

"எனக்கும் வருது" என்றாள் அவள்.

அந்த மாதக் கடைசியில் ஓரகத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டோடு போய்விட்டாள். அந்தச் சமையலறை பூட்டிக் கிடந்தது. சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கணவர் கொஞ்ச நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

வழக்கு முடிந்து, நஷ்டஈடு கொடுத்து, கடையில் பாதியை விற்ற பிறகு அண்ணனைப் பார்க்க அவள் நகரத்துக்குப் போனாள். கணவர் தடுக்கவில்லை. "போயிட்டு வா" என்றார். "கேட்டேன்னு சொல்லு" என்று சொல்லவில்லை.

கடை குறுகியிருந்தது. நடுவில் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் யாரோ டைல்ஸ் விற்றார்கள். விளம்பரப் படங்கள் ஒன்றுமில்லை. அண்ணன் பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகளுக்கு நடுவே ஒரு அம்மாவிடம் தலையணை விலை சொல்லிக்கொண்டிருந்தார். விலையை மட்டும்தான் சொன்னார். அந்த அம்மா வேண்டாமென்று போனபோது கூப்பிடவுமில்லை. திரும்பியவர் அவளைப் பார்த்தார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

பக்கத்து ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தட்டைப் பார்த்தே சாப்பிட்டார் அண்ணன். அவள் முதுகுவலியைப் பற்றிக் கேட்டார். கடையில் வேலை எப்படி என்று கேட்டார். ஊரைப் பற்றிக் கேட்கவில்லை. பில் வந்ததும் வழக்கம்போல் அவளை முந்திக்கொண்டார். அதில் மட்டும் பழைய அண்ணன் தெரிந்தார்.

பஸ் நிலையம்வரை கூட வந்தார். வெயிலில் வரிசையாக நின்ற பஸ்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தபடி கேட்டார்:

"அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகுதா?"

"இந்த வருஷம் சேர்த்திருக்காங்களாம்."

"யாரு கொண்டுபோய் விடுறா?"

"தாத்தா விடுறாராம்."

தலையசைத்தார். பஸ் வந்தது. முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் ஒரு சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். கண்டக்டரிடம், "தங்கச்சி, தனியாப் போகுது, பார்த்துக்கோங்க" என்றார். தலை நரைத்த அந்தத் தங்கச்சியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கண்டக்டர் விசிலை ஊதினார்.

பஸ் நகர்ந்தது. அண்ணன் ஜன்னலோடு நாலு எட்டு நடந்து வந்தார். எந்த அண்ணனிடமும் எந்தத் தங்கையும் விடைபெறும்போது சொல்லக்கூடிய ஒரே ஒரு வார்த்தைக்காக அவர் நடந்து வருகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. 'வீட்டுக்கு வாண்ணா.' நாக்கு நுனிவரை வந்தது. அந்த வீட்டில் பூட்டிக் கிடக்கிற சமையலறை கண்ணில் நின்றது.

"உடம்பைப் பார்த்துக்கோண்ணா" என்றாள்.

"சரிடா" என்று அவர் நின்றுவிட்டார்.